மெழுகுக் கையோடு இருபது நிமிடம்

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு போன் வந்தது. நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. பென்ஷன் சமாச்சாரம் ஏதோ என்று நினைத்துத்தான் எடுத்தேன். பேசியது புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஒரு பெண். "மேடம், நம்ம மூட்டுவாதப் பிரிவுக்கு ரெண்டு கவுன்சலர் போஸ்ட் குடுத்திருக்காங்க. ரெண்டாவது மாடியில தனி ரூம். ஏசி, போர்டு எல்லாம் வச்சாச்சு" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு, முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அத்தனை வருடமும் நான் ஒற்றை ஆளாக ஓடிய இடத்தில் இப்போது இரண்டு பேர்! கடைசியில் அவள் போகிற போக்கில் ஒன்று சொன்னாள். "மெழுகுத் தொட்டிய புது கட்டடத்துக்கு மாத்துறாங்க மேடம். அந்தக் கூட்டமும் சத்தமும் இனிமே நமக்கு இல்ல. நிம்மதியா ரூம்ல உக்காந்து பேசலாம்."

ஐயோ, மாற்றாதீர்கள் என்று போனிலேயே கத்திவிட்டேன். பாவம், அந்தப் பெண் பயந்துபோய், "எழுதி அனுப்புங்க மேடம், எல்லாரும் படிக்கிறோம்" என்றாள். என் வீட்டுக்காரர் சிரித்தார். என்னிடம் எழுதச் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் கிரேஸ். தஞ்சாவூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மருத்துவ சமூகப் பணியாளராக இருந்தேன். சொந்த ஊர் பாபநாசம் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்துத்தான் என்னைப் படிக்க வைத்தார்கள். சமூகப் பணியில் முதுகலைப் பட்டம், அப்புறம் ஒரு மனநலப் பிரிவில் இரண்டு வருடப் பயிற்சி. அங்கே கற்றுக்கொண்டதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: எதிரே இருப்பவர் பேசட்டும், நீ நடுவில் புகாதே. இதைப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மார்க் வாங்கினேன். நடைமுறையில்தான் வரவே இல்லை. நான் பிறவி வாயாடி. பேசும்போது இரண்டு கையும் வேறு தனியாக ஆடும்.

மூட்டுவாதப் பிரிவில் என்னைக் கொண்டுபோய்ப் போட்டபோது அதன் தலைவர் டாக்டர் நடேசன். குள்ளமான மனிதர். நோயாளியின் நாற்காலியைவிட உயரம் குறைந்த முக்காலியில்தான் உட்காருவார். அவருடைய நோயாளிகளில் பாதிக்கு மேல் சரவாங்கி என்று நம் பக்கம் சொல்லும் முடக்குவாதக்காரர்கள். உடம்பைக் காவல் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள் அடையாளம் தெரியாமல் சொந்த மூட்டுகளையே போட்டு அடிக்கிற நோய் அது. மாத்திரையால் அடக்கி வைக்கலாம், வேரோடு பிடுங்க முடியாது. வாழ்நாள் முழுக்கக் கூடவே இருக்கும். அதை வந்தவரிடம் முதல் நாளே சொல்லிவிடுவார். "பயப்படாதீங்க" என்ற வார்த்தை மட்டும் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

அவர் பார்க்கிற விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வந்தவரின் இரண்டு கையையும் தன் மடியில் வாங்கி வைத்துக்கொள்வார். ஒவ்வொரு கணுவாகக் கட்டைவிரலால் அழுத்துவார், தன் நகம் வெளுக்கிற அளவுக்குத்தான், அதற்கு மேல் இல்லை. கண் மட்டும் நோயாளியின் முகத்திலேயே இருக்கும். "வலி", "வீக்கம்", "ஒண்ணுமில்ல" என்று அவர் முணுமுணுக்க நர்ஸ் குறித்துக்கொள்வார். விரல், மணிக்கட்டு, முழங்கை, தோள், முழங்கால் என்று எல்லாம் முடிந்த பிறகு இரண்டு கேள்வி. "காலையில கை எப்ப திறந்துச்சு?" இந்த நோயில் விடிந்ததும் விரல்கள் மடங்கியபடி இறுகிக் கிடக்கும். சிலருக்கு அரை மணி, சிலருக்கு மூன்று மணி நேரம் கழித்துத்தான் விரியும். அதனால் முதல் கேள்வி எல்லா டாக்டரும் கேட்பதுதான். இரண்டாவது கேள்வியை வேறு யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. "திறந்ததும் முதல்ல என்ன செஞ்சீங்க?" பால் பாக்கெட் வெட்டினேன், பிள்ளைக்குச் சடை பின்னினேன், ஜாக்கெட் கொக்கி போட்டேன் என்று பதில் வரும். அதையும் நோட்டில் எழுதச் சொல்வார்.

எனக்கு ஒரு ரூம் கொடுத்தார்கள். மேஜை, இரண்டு நாற்காலி, சுவரில் சூரிய உதயப் படம். "மனசு எப்படி இருக்கு?" என்று கேட்பேன். "நல்லா இருக்குங்க" என்று எழுந்து நின்றுகொண்டு பதில் சொல்வார்கள், தாலுகா ஆபீசுக்கு வந்த மாதிரி. ஒரு அம்மா வெளியே போய் நர்ஸிடம், "என்னைப் பைத்தியம்னு நினைச்சுட்டாங்களா?" என்று கேட்டிருக்கிறார். ஆறு மாதத்தில் ஒருவர்கூட மனம் விட்டுப் பேசவில்லை. நான் மட்டும் நிறையப் பேசினேன்.

ஒரு புதன்கிழமை என் ரூம் மின்விசிறி நின்றுபோனது. காற்றுக்காகப் பக்கத்திலிருந்த பிசியோதெரபி அறைக்குள் போய் உட்கார்ந்தேன். அங்கேதான் மெழுகுத் தொட்டி. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன், சின்னச் சமையலறைத் தொட்டி மாதிரி இருக்கும். அதில் மெழுகு மிதமான சூட்டில் உருகிக் கிடக்கும். இரண்டு கையையும் முக்கி எடுத்தால் மேலே வெள்ளையாக ஒரு படலம் படியும். மறுபடி முக்க வேண்டும், மறுபடி. ஏழெட்டு தடவை முக்கினால் கைக்குக் கையுறை போட்டது போல ஆகிவிடும். அதன் மேல் பிளாஸ்டிக் தாள், அதற்கு மேல் துண்டு. அந்தச் சூட்டோடு இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். செல்போனைத் தொட முடியாது, பேப்பர் புரட்ட முடியாது, முந்தானையைத் திருக முடியாது.

அன்றைக்கு என் பக்கத்தில் ஓய்வு பெற்ற ஒரு ஏட்டையா இருந்தார். கம்பீரமான மீசை. என் ரூமில் மூன்று தடவை "நோ ப்ராப்ளம்" என்று சொல்லிவிட்டுப் போனவர். திடீரென்று முகத்தைக் கோணலாக வைத்துக்கொண்டு, "மேடம், தப்பா நினைக்காதீங்க. மூக்கு அரிக்குது. உயிர் போவுது" என்றார். சொறிந்துவிட்டேன்! ஒரு போலீஸ்காரரின் மூக்கை! அறையே சிரித்தது, அவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று அழ ஆரம்பித்துவிட்டார். கண்ணைத் துடைக்கவும் கை இல்லை. "ஒரு வருஷமா என் சட்டை பட்டனை என் பொண்டாட்டிதான் போட்டு விடுறா மேடம். போட்டு விடுற வரைக்கும் அவளைத் திட்டிக்கிட்டே நிக்கிறேன். என்னால திட்டாம நிக்க முடியல" என்றார்.

என் கைக்குட்டையால் அவர் கண்ணைத் துடைத்தேன். எதிரே இருந்த அம்மா தன் வீட்டுக் கதையைச் சொன்னார். அடுத்தவர் தன்னுடையதை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆறு மாதமாக நான் தேடியது அடுத்த அறையில் இருந்திருக்கிறது! ஓடிப்போய் டாக்டர் நடேசனிடம் சொன்னேன். அவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்ப உங்க நாற்காலிய அங்க போட்டுக்குங்க" என்றார். அவ்வளவுதான் என் துறை தொடங்கிய கதை. அன்றிலிருந்து புதன்கிழமை மெழுகு நாள்.

அப்படி ஒரு புதன்கிழமைக்குத்தான் சகாயமேரி வந்தாள். இது நடந்து பத்து வருடம் இருக்கும். நாற்பத்திரண்டு வயது, ஒல்லியான உடம்பு, பேசினால் காது கொடுத்துக் கேட்க வேண்டிய குரல். பாபநாசம் பக்கத்துக் கிராமம்தான் அவளுக்கும். புருஷன் கேரளாவில் கட்டட வேலை, மகன் திருச்சியில் படிப்பு. பதினோரு பெண்கள் சேர்ந்த ஒரு நடவு செட்டில் ஆள் அவள். செட்டு என்றால் ஒன்றாகவே வேலைக்குப் போகும் குழு. காலையில் லோடு ஆட்டோ வந்து வீடு வீடாக ஏற்றிக்கொண்டு எந்த ஊர் வயலோ அங்கே கொண்டுபோய் இறக்கும். செட்டின் தலைவி அஞ்சலை என்ற ஐம்பது வயதுக்காரி. யார் வயலுக்குப் போவது, எத்தனை மணிக்கு ஏறுவது எல்லாம் அஞ்சலை வைத்ததுதான் சட்டம்.

இரண்டு மாதம் சகாயமேரி மெழுகுக் கையோடு உட்கார்ந்து மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது மாதம்தான் வாய் திறந்தாள். நோய் வந்து மூன்று வருடம் ஆகிறது, செட்டில் ஒருத்திக்கும் தெரியாது. புதன்கிழமை இங்கே வருவதற்கும் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிவிடுவாளாம். விடிவதற்கு முன்பே எழுந்து சோறு வடித்து, அந்தச் சூடான கஞ்சித் தண்ணீரில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம், லோடு ஆட்டோ ஹாரன் அடிப்பதற்குள் விரல் விரிய வேண்டுமே என்று. மெழுகும் அதே மாதிரிதான் இருக்கிறது என்றாள். சேற்றில் இறங்கி, கட்டைவிரலாலும் இரண்டு விரலாலும் நாற்றின் வேரைப் பிடித்து அழுத்த வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை! "பின்பக்கமா நடந்துக்கிட்டேதான் நடணும், வரிசையில நான் பிந்திடுறேன் மேடம். எல்லாரும் பின்னால ஒரு அடி வச்சாச்சு, நான் மட்டும் முன்னால நிக்கிறேன். தூக்கக் கலக்கமாடின்னு சிரிக்கிறாளுவ. நானும் சிரிச்சுடுவேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா கூட்டிட்டுப் போவ மாட்டாங்க."

அவளுக்கு அந்தச் செட்டுதான் உலகம். கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து அவர்களோடு நடவுக்குப் போகிறாள். புருஷனை வருடத்துக்கு இரண்டு தடவைதான் பார்க்கிறாள், இவர்களைத் தினமும் பார்க்கிறாள். நோயைவிட அந்த இடம் போய்விடுமோ என்கிற பயம்தான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. இதைப் புரிந்துகொண்டதும் எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. ஒளித்து வைப்பதால்தான் இத்தனை பாடு, உடைத்துச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிவு செய்தேன். நானே வந்து சொல்கிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அது எந்தப் பக்கத்து ஆட்டல் என்று நான் சரியாகப் பார்க்கவில்லை.

சம்பா நடவு தொடங்குவதற்குச் சில நாள் முன்னால் அந்த ஊருக்குப் போனேன். அஞ்சலை வீட்டு வாசலில் பதினோரு பேரையும் உட்கார வைத்தேன். எங்கள் அம்மாவும் நடவு நட்டவர்தான், எனக்குத் தெரியாத வேலையா என்ற தெம்பு வேறு. முக்கால் மணி நேரம் பேசினேன். வீட்டைக் காக்கிற காவல்காரன் புத்தி மாறி வீட்டுக்காரரையே அடிக்கிற கதையைக் கையை ஆட்டி ஆட்டி நடித்தே காட்டினேன். ஒரு விரல் கணு எப்படி வீங்கும், எப்படித் தேயும், இறுகின கையோடு நாற்று நட்டால் எப்படி வலிக்கும், எல்லாவற்றையும் சொன்னேன். பாதிப் பேர் அழுதுவிட்டார்கள். அஞ்சலை எழுந்து வந்து சகாயமேரியைக் கட்டிக்கொண்டு, "பாவி, மூணு வருஷமா இதையா மூடி வச்சிருந்த!" என்று ஓவென்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி ஒப்பித்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தம்மா என்ன சொன்னாங்க?" என்றார்.

"யாரு சார், அஞ்சலையா?"

"இல்ல. சகாயமேரி."

யோசித்துப் பார்த்தேன். சகாயமேரி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நான்தான் இடமே கொடுக்கவில்லையே.

அடுத்த புதன் அவள் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. ஐந்தாவது வாரம் வந்தாள். மணிக்கட்டு இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தன, தொட்டால் சுட்டது. அப்படிச் சூடாக வீங்கியிருக்கும் கைக்கு மெழுகு வைக்கக் கூடாது. பிசியோதெரபிஸ்ட் அம்மா அவளைப் பெஞ்சில் சும்மா உட்காரச் சொன்னார். வாரத்துக்கு ஒரு தடவை ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வேண்டிய மாத்திரையை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது என்று நோட்டில் மாத்திரை வாங்கிய தேதியைப் பார்த்த டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"நீங்க நல்லாத்தான் பேசுனீங்க மேடம். அன்னையிலிருந்து என்னைக் கூப்பிடுறதே இல்ல. கோவமில்ல, சண்டையில்ல. கொழம்பு வச்சா கொண்டாந்து குடுக்குறாங்க. தண்ணி எடுத்தாந்து ஊத்திட்டுப் போறாங்க. என்னை ஒரு துரும்பு தொட விடல. காலையில லோடு ஆட்டோ எங்க வீட்டு வாசலோடதான் போவுது. மித்த வீட்டுக்கெல்லாம் ஹாரன் அடிக்கிறான். எங்க வீட்டுக்கிட்ட வந்தா அஞ்சலக்கா சொல்லுது, 'அடிக்காதய்யா, சகாயம் தூங்கட்டும்'னு. நான் உள்ள முழிச்சுக்கிட்டுத்தான் படுத்திருக்கேன். மெதுவா, சத்தமே இல்லாம தாண்டிப் போறாங்க மேடம்."

"மாத்திரை ஏம்மா நிறுத்துன?" என்று கேட்டேன்.

"எதுக்குப் போடணும்? வேலையில்லாத கை எப்ப திறந்தா என்ன?"

என் வேலை வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய தப்பு இதுதான், யாருக்கும் ஒளிக்காமல் எழுதுகிறேன். கெட்ட எண்ணம் யாரிடமும் இல்லை. பத்துப் பெண்களின் அன்பை நான் தூண்டிவிட்டேன், அந்த அன்பு அவளை வயலிலிருந்து தூக்கி வீட்டுக்குள் வைத்துவிட்டது. நடவு நட்டவர் மகளான எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் ஊரில் ஒருத்திக்கு முடியவில்லை என்று தெரிந்தால் வேலையில் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கிற வழக்கம் இல்லை. மொத்தமாகப் பிடுங்கிக்கொள்வார்கள். அதுதான் நமக்குத் தெரிந்த பாசம்.

டாக்டரிடம் போய், "நாளைக்கே ஊருக்குப் போய் அவங்ககிட்ட மறுபடி பேசிட்டு வர்றேன் சார்" என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. "நீங்க போவாதீங்க. அவங்கள இங்க வரச் சொல்லுங்க" என்றார். கொஞ்சம் யோசித்து, "அன்னைக்கு நீங்களும் மெழுகுல கைய வச்சுக்குங்க" என்றார். கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மாத்திரையை மறுபடி தொடங்கி, வீக்கம் வடிய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதற்குப் பிறகு வந்த புதன்கிழமைக்கு அஞ்சலையை வரச் சொல்லி அனுப்பினேன். கூடச் செட்டுப் பெண்கள் இரண்டு பேரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஒரு பக்கம் சகாயமேரி, இரண்டு கையும் துண்டுக்குள். இன்னொரு பக்கம் நான், டாக்டர் சொன்னபடியே இரண்டு கையும் துண்டுக்குள். நடுவில் நாற்காலியில் அஞ்சலை. கையை ஆட்ட முடியாவிட்டால் எனக்குப் பேச்சே வராது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. டாக்டர் வாசல் வரை வந்து, "சகாயமேரி, அவங்ககிட்ட கேக்க வேண்டியத கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அஞ்சலை சகாயமேரியின் துண்டு சுற்றிய கையைத் தடவப் போனாள். சகாயமேரி வெடுக்கென்று விலக்கிக்கொண்டாள்.

"நீ யாருக்கா என்னைத் தூங்கச் சொல்றதுக்கு?"

அஞ்சலை திகைத்துப்போனாள். "என்னடி இது? ஒனக்கு ஒடம்பு நோவக் கூடாதுன்னுதானே…"

"என் ஒடம்பு நோவுதா இல்லையான்னு என்னைக் கேட்டியா? ஒரு நாளு கேட்டியா? கொழம்பு மட்டும் கொண்டாந்து வைக்கிற! நான் என்ன செத்தா போயிட்டேன், எனக்குப் படையல் போடுறதுக்கு?"

அந்த மெல்லிய குரல் எங்கே போனதோ தெரியவில்லை, வராந்தாவில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அஞ்சலை விடுவாளா? எழுந்து நின்றுவிட்டாள். "ஆமாடி, நீ கை நடுங்கிக்கிட்டு நாத்த ஊனுவ, நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருக்கணும்! எனக்கு மனசில்லையா? அன்னைக்கு இந்த மேடம் சொன்னதக் கேட்டு மூணு நாளு நான் சோறு திங்கல!"

சமாதானம் சொல்ல என் வாய் துடித்தது. துண்டுக்குள் விரல் துடித்தது. பிசியோதெரபிஸ்ட் அம்மா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே உட்கார் என்றார். நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு பேரும் ஓய்ந்து மூச்சு வாங்கினார்கள். கூட வந்தவர்களில் ஒருத்தி தயங்கித் தயங்கி, "கயிறு புடிக்கச் சொல்லலாமுல்ல அக்கா?" என்றாள். இப்போதெல்லாம் பல வயல்களில் வரிசை நடவு. குறுக்கே ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்து, அதை ஒட்டி நட வேண்டும். ஒரு வரிசை முடிந்ததும் கயிற்றைப் பின்னால் நகர்த்துவார்கள். ஒரு முனையை வயல்காரர் ஆள் பிடிப்பார், மறுமுனையைச் செட்டிலிருந்து ஒருத்தி பிடிப்பாள். கயிறு குச்சியில் கட்டியிருக்கும், குச்சியை முழுக்கையால் அணைத்துக்கொண்டால் போதும், விரலுக்கு வேலை இல்லை. ஆனால் பேச்சுத் துணையில்லாமல் வரப்பில் நிற்க வேண்டும் என்பதால் யாருக்கும் அந்த வேலை பிடிக்காது.

சகாயமேரி முகம் சிவந்துவிட்டது. "என்னை வரப்புல நட்டு வைக்கப் போறீங்களா?"

நான் நடுவில் புகவில்லை, என் வாழ்க்கையில் அதிசயமாக. அவள் துண்டு சுற்றிய தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அஞ்சலையைப் பார்த்து, நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"எனக்குக் கை திறக்க ஒம்பது மணி ஆவும். அது வரைக்கும் கயிறு. ஒம்பது மணிக்கு மேல நான் சேத்துல எறங்குவேன். ஏறுன்னு நீ சொல்லக் கூடாது. எனக்கு முடியலன்னா நானே ஏறி, மறுபடி கயித்துக்கு வந்துடுவேன். அப்ப கயித்துல நிக்கிறவ எறங்கி நடணும். மொறைக்கக் கூடாது."

"மாத்திரை?" என்றாள் அஞ்சலை.

"போடுறேன்."

"ஒரு ஞாயித்துக்கெழமை தப்புச்சுன்னாலும் வண்டி நிக்காது, சொல்லிட்டேன்."

"சரி."

"கயிறு மெதுவா நகந்தா வயல்காரன் கத்துவான்."

"கத்தட்டும். நான் பாத்துக்குறேன்."

இதுதான் ஒப்பந்தம். நான் படித்த புத்தகங்களில் இதற்குப் பெரிய பெரிய பெயர்கள் இருக்கின்றன. உடம்பின் சக்தியைப் பகுத்து வைத்துக்கொள்வது, சோர்வு வருவதற்கு முன்பே வேலையை மாற்றுவது, வேண்டிய உதவியைத் தானே வாய் திறந்து கேட்பது. எல்லாவற்றையும் அவளுக்கு நான் சொல்லிக் கொடுப்பதாக இருந்தேன்! டாக்டர் எல்லாரையும் அழைத்து இன்னும் ஒன்று மட்டும் சேர்த்தார். இந்த மாத்திரை எதிர்ப்புச் சக்தியை அடக்குவதால் காலில் முள்ளோ கண்ணாடியோ குத்தி, காய்ச்சலும் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் வர வேண்டும். அஞ்சலை அதை இரண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பாடம் செய்துகொண்டாள்.

இதைக் குணமான கதையாகப் படித்துவிடாதீர்கள். நோய் போகவில்லை, போகவும் போகாது. பின்னால் ஒரு குறுவை முழுக்க அவளால் வேலைக்குப் போக முடியவில்லை, மருந்தை மாற்ற வேண்டி வந்தது. அவள் அழுத புதன்கிழமைகள் உண்டு, நானும் அழுதிருக்கிறேன். ஆனால் அந்த வருடம் சம்பாவுக்குப் பிந்திய தாளடி நடவின்போது நடந்த ஒன்றைச் சொல்லாமல் இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒப்பந்தம் ஆகி மூன்றாவது வாரம். புதன்கிழமை பத்தரை மணி ஆகியும் சகாயமேரி வரவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுபடி விட்டுவிட்டார்களோ, மறுபடி மாத்திரையை நிறுத்திப் படுத்துவிட்டாளோ என்று என்னென்னவோ நினைப்பு. வாசலுக்கும் தொட்டிக்குமாக நடந்தேன். பொறுக்க முடியாமல் அவள் நம்பருக்கு அடித்தேன். வெகுநேரம் மணி அடித்து, கடைசியில் எடுத்தது அஞ்சலை. பின்னால் ஒரே இரைச்சல், பெண்கள் சிரிக்கிறார்கள், யாரோ யாரையோ திட்டுகிறார்கள், சேற்றில் கால் எடுத்து வைக்கிற சத்தம்.

"அஞ்சலை, சகாயமேரி எங்க? இன்னைக்கு ஆஸ்பத்திரி நாளாச்சே? மாத்திரை போட்டாளா?"

"ஞாயித்துக்கெழமையே போட்டா மேடம், நான் நின்னு பாத்தேன்."

"அவகிட்ட போனக் குடு."

"இப்ப முடியாது மேடம்! காலையில கயிறு, அப்புறம் ஒரு மணி நேரம் நட்டா, இப்ப திரும்பவும் கயிறு அவ கையில. அவ அசைஞ்சா பத்துப் பேரு சேத்துல நிக்கணும். ஆஸ்பத்திரிக்கு அடுத்த வாரம் வருவா. சும்மா சும்மா போன் பண்ணாதீங்க, வேலை கெடுது."

பட்டென்று வைத்துவிட்டாள். நான் போனைக் கையில் பிடித்தபடி, அறையில் மெழுகுக் கையோடு உட்கார்ந்திருந்த ஒன்பது பேருக்கும் கேட்கிற மாதிரி, "வேலையா இருக்காளாம்!" என்று கத்தினேன்.